கொடியில் இரண்டு துண்டு

ஏங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சொதியைக் கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும், இளஞ்சூடு போதும். நான் மெடிக்கல் ஷாப் வேலைக்குக் கிளம்பிவிட்டேன், சாவி மீட்டர் பெட்டிக்குள். உங்கள் பெரியப்பா எழுந்ததும் காப்பி கேட்பார். அவரே கேட்டாலும் சர்க்கரை போடாதீர்கள்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது, எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னீர்கள். "கல்யாணம் முடிச்சு மீன்குழம்பு வைக்குதவளுக்கு ஆட்டிசமாலே ஜஸ்டின்? அது பேச்சு வராத பிள்ளைகளுக்குல்லா வரும்" என்றார். அடுத்த மீனை எடுப்பதற்குள் அதை நம்பியும்விட்டார். "ஆட்டிசம் உள்ளவங்க எந்தத் தேதிக்கும் கிழமை சொல்லுவாங்களாம்லா. நான் பொறந்த தேதிய சொல்லுதேன், என்ன கிழமைன்னு சொல்லு பாப்போம்." எனக்குத் தெரியவில்லை. அதனால் நான் டூப்ளிகேட் என்று முடிவாயிற்று. கை கழுவிவிட்டு வைத்தியமும் சொன்னார்: "ரெண்டு நாள் ஐந்தருவியில தலையக் காட்டச் சொல்லு, புத்தி தெளிஞ்சிரும்."

ஒரே பந்தியில், ஒரே ஆளாக மூன்று ஸ்பெஷலிஸ்ட்.

அவரை விடுங்கள். "அவளுக்கு இதெல்லாம் உறைக்காது பெரியப்பா" என்று சிரித்தது நீங்கள். முப்பத்தாறு வருடமாக எல்லாமே அளவுக்கு மேல் உறைக்கிறது என்றுதானே அந்த டாக்டரிடம் போனேன்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியது யார்?

சீசன் தவறாமல் அந்த அருவியில் நிற்கிறவள் நான். எனக்கு ஒன்றும் தெளியவில்லை.

எப்சிபா

பி.கு: ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொடியில் இரண்டு துண்டு காய்கிறது. இரண்டாவது உங்களுக்கு.