பின்பலகையில் ஒரு பழைய பாட்டு

காலையிலிருந்து நம் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் தின்னர் வாசனை. நீங்கள் கடைசியாகக் கட்டிக் கொடுத்த, சோளம் ஏற்றும் லாரி திரும்பி வந்து நிற்கிறது. கை மாறிவிட்டதாம். வாங்கியவர் புதுப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார். பின்பலகையில் நீங்கள் எழுதியது இன்னும் அழியவில்லை: "எல்லாம் ஒருநா மணலுதானுங்க. மெதுவாப் போங்க."

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தான் தெரியும். நாம் பார்த்துக்கொண்டிருந்த விண்வெளித் தொடரில், ஆளில்லாத ஒரு கிரகத்தில் இறங்கிய கேப்டன், இடிபாடுகளுக்கு நடுவே நின்று ஒரு கவிதை சொன்னாள். தமிழ் டப்பிங்கிலும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கல்லூரியில் படித்த, ரொமான்டிக் காலத்து ஆங்கிலக் கவிதை.

"இது எங்க பாடத்துல இருந்துச்சுங்க!" என்று கத்தியே விட்டேன்.

நீங்கள் டிவி சத்தத்தைக் குறைத்தீர்கள். "என்ன சொல்லுது? சொல்லு சாமி."

நம் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் என்னிடம் ஒரு கவிதையைப் பற்றிக் கேட்டதில்லை. பெருமை பேசிய ராஜா, பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் அவன் சிலை, அடியில் பொறித்த பெயரில் மிச்சமிருக்கும் அவனுடைய வீறாப்பு என்று சொல்லிக்கொண்டே போனேன். தொடர் முடிந்ததைக்கூட நாம் கவனிக்கவில்லை.

"அந்தாளு நம்ம பட்டறைக்கு வந்திருந்தா, பேர இன்னும் பெருசா எழுதுன்னு சண்ட போட்டிருப்பான்" என்று சிரித்தீர்கள். மறுநாள் பெயின்டரிடம் பிரஷை வாங்கி நீங்களே எழுதினீர்கள். மெதுவாகப் போகச் சொல்லிக் கவிதையில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"அது டிரைவருக்கு. ராஜாவுக்கு ஏது லைசென்ஸு?"

நீங்கள் தவறிப்போன பிறகு பட்டறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த லாரியை மட்டும் திருப்பி அனுப்பிவிடத்தான் நினைத்தேன். பலகையைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். நீங்கள் கைப்பட எழுதியதென்று இதைத் தவிர வேறெதுவும் இல்லை.

பெயின்டர் உப்புத்தாளோடு காத்திருந்தார். "ஏனுங்கக்கா, தேய்ச்சிரட்டுங்களா?"

"அந்த எடத்துல என்ன எழுதோணுமாம்?"

புது ஓனரே முன்னால் வந்தார். "'ரோட்டுக்கு ராஜா'ன்னு போடுங்கம்மா. கீழ எம்பேரு, நல்லாப் பெருசா. தூரத்துல வாரவனுக்கும் தெரியோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் நின்று விலாவில் இடித்தது போல இருந்தது. பாவம், அவர் ஒன்றும் புரியாமல் என்னையும் பெயின்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தேய்ச்சிருங்க" என்றேன்.

உங்கள் எழுத்துகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. கடைசி எழுத்து போகிறவரைக்கும் நின்று பார்த்தேன்.

சாயங்காலம் திருச்செங்கோடு ரோட்டில் ஸ்கூட்டியில் வீடு திரும்பினேன். முன்னால் போன எந்த லாரியிலும் அந்த வரி இல்லை. மெதுவாகத்தான் வந்தேன்.