சட்டை மாற்றி வந்த கிருமி

போர்ட் பிளேர், 1969

மாதா துணை. அன்புள்ள அமுதம், நீயும் ரீத்தாக்குட்டியும் சுகமா?

மெயின்லாண்ட் கப்பலில் வந்த ஃப்ளூ என்னையும் தொட்டுப் போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன். போன வருஷமே எனக்கு வந்துவிட்டதே, இனி அண்டாது என்று கம்பவுண்டர் நானே தைரியமாகக் கப்பலேறி நோயாளிகளை இறக்கினேன். நான் காய்ச்சலில் படுத்ததும் எங்கள் டாக்டர் திருநாவுக்கரசு சிரித்தார்.

"அரே அல்போன்ஸ், அந்தக் கிருமி மேல புரதத்தால ஆன முள்ளு இருக்குய்யா. அதைப் பாத்துத்தான் உடம்பு அடையாளம் கண்டுக்கும். முள்ளோட வடிவத்தைக் கொஞ்சம் மாத்திட்டா, பழைய ஆளுன்னே தெரியாது. தடுப்பூசிங்கிறது முன்கூட்டியே போட்டோ காட்டி வைக்கிற மாதிரி."

கண்ணுக்குத் தெரியாததற்கு எத்தனை சாமர்த்தியம்! படுத்துக்கொண்டே வியந்தேன்.

கருவாடும் மிளகும் அனுப்பு. தபால் பை கட்டுகிறார்கள். நான் தாடி வைத்திருக்கிறேன். போட்டோ இத்துடன் இருக்கிறது. ரீத்தாவுக்குத் தினமும் காட்டு. நான் வந்து இறங்கும்போது, யாரோ என்று அவள் அழக்கூடாது.

உன்
அல்போன்ஸ்