ஓசிக்குத் தரமாட்டேன்

மார்ச் 3
வைஃபை அடாப்டரை இயக்கும் டிரைவர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் என் லட்சணத்துக்கு, இன்றைக்குத்தான் அதற்கு உயிர் வந்தது. ஆபீஸில் கொடுத்தனுப்பிய அடாப்டர் என் புரோகிராம் வழியாக அக்கம்பக்கத்தை ஒட்டுக்கேட்கிறது. பழைய ஃபோன்கள், தமக்குத் தெரிந்த வைஃபையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். அதெல்லாம் பதிவாகும் லாக்கில் வரிவரியாக யார் யார் வீட்டுப் பெயரோ.

அதில் ஒன்று: ஓசிக்குத் தரமாட்டேன்.

எழுந்துபோய் முகம் கழுவினேன்.

மார்ச் 4
எங்கள் வைஃபைக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. மேல்வீட்டுக்காரர் பாஸ்வேர்ட் கேட்டு உயிரை எடுத்ததால் வைத்தது. என் வீட்டுக்காரர் தவறியபிறகு அதைப் பார்க்க முடியாமல் மாற்றிவிட்டேன். அப்புறம் அந்தப் பெயரை யார் தேடுவது? அவர் ஃபோன் அவருடைய அம்மா, என் அத்தையின் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. பீரோவைத் திறங்கன்னு அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது? அவர் பேச்சையே நாங்க ரெண்டு பேரும் எடுக்கறதில்ல.

மார்ச் 6
நாள் முழுக்க அதே வரி. பயமா இருக்கு. நின்னுடுமோன்னும் பயமா இருக்கு.

மார்ச் 9
டீம் லீடிடம் லாக்கைக் காட்டினேன். யாருடைய பெயர் என்று சொல்லவில்லை.

"ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் ஏற வேண்டிய வரிசை எண் மாறவே இல்ல பாரும்மா. வந்ததைப் படிச்சிட்டு மெமரியில அந்த இடத்தைக் காலி பண்ணாம விட்டிருக்க. அதையே திரும்பத் திரும்பப் படிக்குது. பேயும் இல்ல பிசாசும் இல்ல, புரோகிராம்ல ஒரு வரி எழுதினா போதும். வெள்ளிக்குள்ள சரி பண்ணிடு."

மார்ச் 12
இன்னும் அந்தத் திருத்தத்தை எழுதலை. எழுதினா அவர் கூப்பிடறது நின்னுடும். வெறும் தப்புதான் — எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 13
எழுதிவிட்டேன். லாக் சுத்தம். லீட் "சபாஷ்" என்றார். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 14
சாயங்காலம் மறுபடி வந்தது. அதே பெயர். ஐயோ! வரிசை எண்ணைப் பார்த்தேன் — ஏறிக்கொண்டே போகிறது. இது பழசு இல்லை. சிக்னலும் பலம். வீட்டுக்குள்ளேயே.

அத்தை ரூம் கதவைத் தள்ளினேன். சார்ஜரில் செருகிய அவர் ஃபோனோடு அத்தை கட்டிலில் இருந்தார். கையும் களவுமா மாட்டின மாதிரி முழிச்சாங்க.

"தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பார்ப்பேன்மா. என் ஃபோன் தண்ணில விழுந்ததுல அவன் பேசி அனுப்பின வாய்ஸ் மெசேஜெல்லாம் போச்சு. இதுலயாவது இருக்குமேன்னு… நெட் இல்லன்னே சொல்லுது. உன்னைக் கேட்டா நீ அழுவியே."

"நெட் பேரை நான்தான் மாத்தினேன் அத்தை."

மார்ச் 15
பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் திரும்ப வைத்தேன். லாக்கில் அந்த வரி வருவது நின்றது. ஃபோன் தேடுவதை விட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தை ரூமிலிருந்து அவர் குரல்: "அம்மா, மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத."

கதவைத் தட்டினேன். அத்தை கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.