அஃப்ஸானா சொல்லாத பதில்கள்

ஜனவரி 7

அஃப்ஸானா சொல்லாத பதில்களை அவள் பெயரில் எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். நடந்த தப்பு இதுதான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் இதைத் தப்பு என்று ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது பேச்சை மாற்றினால் எனக்கே ஞாபகம் இருக்க வேண்டும்.

அஃப்ஸானா என் தங்கச்சி மகள். பத்தாவது படிக்கிறாள். பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். கை விறைத்துக்கொள்ளும், பேனா பிடிக்க முடியாது. பேச்சு உண்டு. மெதுவாக வரும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்குப் பரீட்சையில் ஒரு ஆள் கொடுப்பார்கள். ஸ்க்ரைப் என்கிறார்கள். அரையாண்டுக்கு ஓவிய வாத்தியார் காசிநாதனைப் போட்டார்கள். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம்.

இன்றைக்கு விடைத்தாள் வந்தது. அறிவியலில் எழுபத்தெட்டு. தங்கச்சி, மகள் வாயில் சர்க்கரை போட ஓடி வந்தாள். பிள்ளை சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழங்கையால் தாளைக் கீழே தள்ளிவிட்டாள்.

எடுத்துப் பார்த்தேன். மனித இதயம், படம் வரைந்து பாகங்களைக் குறி. ஒரு முழுப் பக்கத்துக்கு இதயம். பென்சிலில் நிழல் எல்லாம் கொடுத்து, காலண்டரில் மாட்டலாம் போல.

"இது நீ சொன்னதா?"

"தெரியாதுன்னு சொன்னேன் பெரிம்மா. அடுத்த கேள்விக்குப் போங்கன்னேன். அவரு வரைஞ்சுகினே இருந்தாரு."

வகுப்பில் பிள்ளைகள் சொல்கிறார்களாம்: "உனக்கு இன்னாடி, சாரே எழுதிக் குடுத்துடுவாரு." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஜனவரி 8

அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியை வசுமதி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. காசிநாதனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாப்பா பேசறது சட்டுனு புரியலம்மா. நேரம் ஓடுது. பார்க்கப் பாவமா இருந்துது. ஏதோ ஒரு சின்ன உதவி" என்றார் அவர்.

"நேரம் ஓடுதுன்னா படத்துக்கு நிழல் குடுக்க நேரம் எங்கேருந்து சார் வந்துச்சு?"

அவர் கையிலிருந்த பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்ட மனுஷனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

வசுமதி டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லது செஞ்சவரை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறீங்க. இந்த ஸ்கூல் மூணு வருஷமா நூறு சதவீதம் பாஸ். வாசல்ல போர்டு பார்த்தீங்கல்ல? பப்ளிக்குக்கு வெளி ஸ்கூல் ஆள்தான் எழுத வருவாங்க. கவலைப்படாதீங்க, நல்ல ஆளாப் போடச் சொல்லி நானே பேசறேன்."

நல்ல ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏப்ரலிலும் இதையே செய்வார்கள். அரசாங்கச் சான்றிதழில் இவள் பேர் இருக்கும், உள்ளே வேறு ஆளின் படிப்பு இருக்கும்.

ஜனவரி 9

எழுபத்தெட்டு. வெக்கங்கெட்ட எழுபத்தெட்டு.

ஜனவரி 12

நூர்முகமதுவோடு சண்டை. என் தங்கச்சி புருஷன். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். நாஸ்தா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"எக்கா, பாஸ் பண்ணாப் போதும்க்கா. இன்னாத்துக்கு இந்த பேஜாரு? ஊர்ல இருக்கறவன் பிட் அடிச்சுப் பாஸாவறான். ஆண்டவன் நம்ம பிள்ளைக்கு ஒரு வாத்தியார் ரூபத்துல உதவி பண்றான். அதுக்குப் போய்ச் சண்டை போட்டுக்கினு கீறீங்க."

"பிட் அடிக்கிறவன் தானே அடிக்கிறான்டா. இவளுக்கு அந்த உரிமைகூட இல்ல."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அவளை முறைத்தான். "நாளைக்குப் பெயிலானா ஊர் இன்னா சொல்லும் தெரியுமா? முடியாத பிள்ளைய ஏன் படிக்க வெச்சான்னு சொல்லும். அந்தப் பேச்சு எனக்கு வோணாம்."

அவன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தாலும் விட மாட்டேன். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுக்க வேண்டும் என்கிறாள் அவள். இரவல் மார்க்கில் அங்கே போய் உட்கார்ந்தால் முதல் மாதமே தெரிந்துவிடும். அன்றைக்கும் ஒரு வாத்தியார் பாவம் பார்ப்பார். அதற்குப் பிறகு?

ஜனவரி 20

திங்கள்கிழமை மனு நாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். நானே எழுதிய மனு. நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைதான். மிச்சத்தை நானாகப் படித்துக்கொண்டேன். மனுவுக்கு வக்கீல் வேண்டாம்.

வாங்கிப் பார்த்த பெண் அதிகாரி இரண்டு தரம் படித்தார். "மார்க் குறைஞ்சு போச்சுன்னு மனு வரும். மார்க் அதிகமாப் போட்டுட்டாங்கன்னு இப்பத்தான் பாக்கறேன். உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"அவ சொல்றத மட்டும் எழுதற ஆள் வேணும். தெரியாதுன்னா அந்த இடத்தை விட்டுடணும். பரீட்சைக்கு முன்னாடி அந்த ஆள் அவ பேச்சைக் கேட்டுப் பழகணும்."

குறித்துக்கொண்டார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

பிப்ரவரி 6

மனுவைப் பார்த்துவிட்டு, கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஜெயப்பிரியா என்ற சிறப்பாசிரியை வந்தாள். சின்ன வயசு, ஸ்கூட்டியில் வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக அஃப்ஸானா எதிரில் போய் உட்கார்ந்து, "உனக்கு எப்படி வேணும்? நீ சொல்லு" என்றாள்.

பிள்ளை சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வாக்கியம் எழுதியதும் எழுதுகிறவர் அதைத் திருப்பி வாசிக்க வேண்டும். சரி என்றால் அஃப்ஸானா மேசையில் ஒரு தட்டு. தப்பு என்றால் இரண்டு தட்டு, அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். வெளி ஆள்களை வைத்துத்தான் பழக வேண்டும் என்று சொல்லி, பக்கத்து வீட்டு முனியம்மாவின் மருமகளை உட்கார வைத்தாள். அந்தப் பெண் ஏழாவது வரை படித்தது. இரண்டு தட்டு விழும்போதெல்லாம், "ஐயோ, டீச்சரம்மா அடிக்குது" என்று அலறியது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 24

வசுமதி டீச்சர் நூர்முகமதுவைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதி, பிள்ளையின் அப்பா என்று அவன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "பெரியவங்க பிடிவாதத்துல பிள்ளை வாழ்க்கை வீணாகக் கூடாது" என்றாராம். பெரியவங்க என்றால் நான்.

அவன் அதைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் டிவி பக்கத்தில் வைத்துவிட்டு பேனா தேடினான். நான் வாயைத் திறப்பதற்குள் அஃப்ஸானா அவனைக் கூப்பிட்டாள்.

"அத்தா. நான் பெயிலானா... நீ என்னை அடிப்பியா?"

"சீச்சீ. இன்னா பேச்சு இது."

"வூட்ட வுட்டு... துரத்துவியா?"

"ஏம்மா இப்டிலாம் கேக்கற?"

"அப்ப பயம்... யாருக்கு?"

அவன் பேனா தேடுவதை விட்டுவிட்டான். வெளியே போய் வேனைக் கழுவ ஆரம்பித்தான். கழுவிக்கொண்டே இருந்தான். உள்ளே வந்து அந்தத் தாளை நாலாகக் கிழித்துவிட்டு, என்னைப் பார்த்து, "திருப்தியா?" என்று கேட்டான்.

இல்லை. எழுத வரும் ஆள் யாரென்று இன்னும் தெரியவில்லையே.

மார்ச் 27

நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை. யார் எழுத வருகிறார் என்று இன்னும் சொல்லவில்லை. பழகிப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. ஜெயப்பிரியா யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள். வசுமதி டீச்சரும் போன் போட்டுக்கொண்டிருப்பார். எந்தப் போன் முந்தும்?

நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை மட்டும் கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்தாள்.

மார்ச் 28

கீழ்த்தளத்தில் தனி அறை கொடுத்திருந்தார்கள். வாசலில் வாட்டசாட்டமாக ஒரு ஆள், கழுத்தில் விசில். கருங்குழிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராம். பெயர் ஜெபசிங். இவர் அந்த 'நல்ல ஆளா'? எப்படிக் கேட்பது? கேட்டுவிட்டேன்.

"சார், உங்ககிட்ட யாராச்சும் பேசினாங்களா?"

"பேசினாங்கம்மா. ரெண்டு பக்கமும் பேசினாங்க." தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பாடம்லாம் அவ்வளவா வராது. நான் கபடி ஆளு."

"அல்லாஹ்! அதான் சார் வேணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அஃப்ஸானா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. பரீட்சை தொடங்குமுன் ஜெயப்பிரியா அவளையும் அவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு பத்தியைச் சொல்லி எழுத வைத்தாள். மூன்று இடத்தில் இரண்டு தட்டு. "ரெஃப்ரி விசில் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார் அவர்.

எங்களைப் பள்ளிக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 11

அறிவியல் முடிந்தது. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, கூடுதல் நேரமும் முடிந்து இவள் வந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மூணு பெரிய கேள்வி தெரியல பெரிம்மா. தெரியலன்னேன். விட்டுட்டாரு."

விட்டுட்டாரு. இதற்காகத்தானே இத்தனை நாள் சண்டை போட்டேன்? பிறகு ஏன் போன மார்க்கை விரல் விட்டு எண்ணுகிறேன்?

ஜெபசிங் பின்னாலேயே வந்தார். "ஒரு கேள்விக்கு எனக்கே பதில் தெரிஞ்சுபோச்சும்மா. கை அரிச்சுது. பாப்பா என்னையே பாத்துக்கிட்டு இருந்துது. எழுதல."

நல்லது சார் என்றேன்.

மே 16

தமிழ், ஆங்கிலம், கணக்கு, சமூக அறிவியல் பாஸ். அறிவியலில் முப்பத்தொன்று. பெயில்.

நாலு மார்க்.

மாலையில் வசுமதி டீச்சர் போன் செய்தார். திட்டவில்லை. "நூறு போச்சும்மா" என்றார். "அது எங்களோடது. பிள்ளையோட பாஸும் போச்சே. அதுதான் எனக்குத் தாங்கல." அழுகிறாரா என்று சந்தேகமாக இருந்தது. போனை வைத்துவிட்டேன். அழுதாலும் நான் சொன்னதிலிருந்து மாறப் போவதில்லை.

நூர்முகமது சவாரிக்குப் போகவில்லை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அஃப்ஸானா கேட்டாள். "அவரு ஒரே ஒரு பதில் எழுதியிருந்தா நான் பாஸ். உன்னாலதான்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆமாம், என்னாலதான். இப்போ இன்னா பண்ணணும்ன்ற?

மே 17

பேசவில்லை. நான் ஊட்டினால் வாய் திறக்கவில்லை. அம்மா ஊட்டினால் சாப்பிடுகிறாள்.

மே 18

ஜெயப்பிரியா வந்து அவளோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்னை உள்ளே விடவில்லை. சமையல்கட்டில் பாத்திரத்தை ஓசை வரத் தேய்த்தேன். கதவு திறந்ததும் அஃப்ஸானா கேட்டது தன் விடைத்தாளின் நகலை. எங்கே மார்க் போனது என்று தானே பார்க்க வேண்டுமாம்.

அரையாண்டுத் தாளை அவள் ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. அதில் பார்க்க அவளுக்கு என்ன இருந்தது?

மே 20

இன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, "எழுது" என்றாள். நாலு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. துணைத்தேர்வுக்கு முன்னால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அடித்து எழுதினேன். ஒரு வரியில் எனக்குச் சம்மதமே இல்லை. சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அத்தா: நாளைக்கே போய் அறிவியல் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டணும். விடைத்தாள் நகலுக்கும். சவாரி இருக்குன்னு சொல்லக் கூடாது.

ஜெயப்பிரியா அக்கா: ஜூலைக்கும் ஜெபசிங் சாரையே கேட்டு மனு போடணும். அவரு ஒரு வாரம் முன்னாடியே வந்து பழகணும். மனுல என்ன எழுதறதுன்னு நான் சொல்வேன்.

ஹெச்.எம்.: பாஸானதும் பிளஸ் ஒன் காமர்ஸ்ல சீட்டு. வகுப்பு கீழ்த்தளத்துல. மாடியிலதான்னா, நான் எப்படி ஏறுவேன்னு அவங்க எழுதிக் குடுக்கணும்.

அம்மா: யார் வந்து கேட்டாலும் பெயில்னே சொல்லணும். உடம்பு சரியில்லாம போச்சுன்னு கதை விடக் கூடாது.

நான்: மின்னியல், அமிலம் காரம், மரபியல். தினமும் காலையில. போன் கிடையாது.

பெரிம்மா: இனிமே ஆபீஸ் ரூமுக்கு வர வேணாம். ஹெச்.எம். கிட்ட நானே பேசறேன். நேரமாவும். அவங்க காத்துகினு இருக்கட்டும்.