காற்றுக்குக் காசு கொடுத்த கதை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் வலது தோளைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் தோள் உட்படச் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் கடையில் துணி தேய்க்கிற மேசையில் வைத்து இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. "வீடியோவுல கூப்பிட்டா அம்மா முகத்தையே காட்ட மாட்டேங்குறாங்க, நான் ஃபேனைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், தூரமா வந்துட்டேன்னு இன்னும் கோபமாப்பா" என்று கேட்டாய். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை கண்ணு. தோள் பிடித்துக்கொண்டதிலிருந்து அவளுக்குக் கை காதுக்கு மேல் எழவில்லை, அந்த இடுப்பளவு முடியைச் சீவ முடியவில்லை. நான் சீவிவிட்டேன், ஊரார் சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுக்கிற இந்தக் கைக்கு ஒரு பின்னல் வரவில்லை. "பின்னச் சொன்னா பொட்டலம் கட்டுறீங்க" என்றாள். இந்தத் தலையைப் பார்த்தால் மகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள் என்று போனைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவாள், எனக்கும் வாய்ப்பூட்டு. நீயும் வீம்பாக வீடியோவை விட்டுவிட்டு வெறும் குரலில் கூப்பிட ஆரம்பித்தாய். தாய்க்கும் மகளுக்கும் வீம்பில் யார் பெரியவர் என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

கடைசியில் முடியே வேண்டாம், வெட்டித் தொலைத்துவிடலாம் என்றாள். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. நம் கடைக்கு எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்டுப் பெண்கள் சலூன் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, அங்கே கூட்டிப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒட்ட வெட்டிடும்மா, என்கிட்ட எதுவும் கேக்காதே" என்றாள். அங்கிருந்த பெண், "எங்க கடையில கத்திரிக்கோலே கிடையாதும்மா, தலையை அலசி, மெஷின் காத்துல காய வச்சு அழகுபடுத்தி அனுப்புறது மட்டும்தான் எங்க வேலை" என்றாள். வாசலில் அத்தனை பெரிய பலகை இருந்தும் நாங்கள் இரண்டு பேருமே அதைப் படிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்திருக்கப் போனவளை அந்தப் பெண் விடவில்லை. "வந்தது வந்துட்டீங்க, சிக்காவது எடுத்து விடுறேன், வெட்டுறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சாய்த்து உட்காரவைத்துவிட்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும், காற்றுக்குக் கூடவா காசு என்று மனசுக்குள் கேலி பேசியவன்தான் நான். ஆனால் தொழில் தெரிந்தவன் தொழிலைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா. கழுத்து நோகாமல் துண்டை மடித்து வைத்து, வெந்நீரின் சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்து அலசினாள். சிக்கை நுனியிலிருந்து எடுத்தாள், நான் உச்சியிலிருந்து இழுத்துத்தான் இத்தனை நாள் உன் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, உருளை பிரஷில் சுற்றி, இழுப்புத் தளராமல், சூடு ஓரிடத்தில் நிற்காமல் காற்றை ஓட்டிக்கொண்டே வந்தாள். முடிவில் குளிர்ந்த காற்று விட்டாளே, அங்கேதான் நான் அசந்துபோனேன். தேய்த்த சட்டையை ஆறவிட்டு மடித்தால்தானே மடிப்பு நிற்கும், அதே கணக்கு. அத்தனை நேரமும் உன் அம்மாவின் கைகள் மடியிலேயே இருந்தன, ஒரு தடவைகூட வலியில் முனகவில்லை.

கண்ணாடியைப் பார்த்தவள் இடது கையால் முடியை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஹோட்டலில் நாங்கள் இருவரும் ஒரு வேளை சாப்பிடுகிற செலவுதான், அதற்கு ராஜபோகம். வீட்டுக்கு நேர்வழி இருக்க, கடைத்தெருவைச் சுற்றிப் போகலாம் என்றாள். அழகாகத்தான் இருந்தாள், எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது சனிக்கிழமை தவறாமல் போகிறோம், வெட்டுகிற பேச்சே இல்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைக்கூடக் கண்ணாடி முன் நின்று ஒழுங்காகச் செய்கிறாள்.

அவளாக வீடியோ போட மாட்டாள், வெட்கம். நீதான் கேட்க வேண்டும். கடிதம் கிடைத்த வாரமே சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடு, ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டால் தலையணை முடியை அமுக்கிவிடும். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, பார்த்ததும் அழுதுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் இருங்கள், எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு.

நேற்று என்னை அடுத்த அறைக்கு அனுப்பி, என் போனுக்கு வீடியோ போட்டு, "முகம் முழுசாத் தெரியுதா" என்று கேட்டாள். தெரியுது என்றேன். "ஃபேன் தெரியலையே" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா