பின்சந்துக்கு கேட்

ஞாயிறு இரவு.

திருட்டுப் பயத்தில், பின்சந்துக்கு கேட் போட்டுப் பூட்டலாமா என்று இன்று குடியிருப்போர் சங்கத்தில் ஓட்டெடுப்பு. பார்வையில்லாத என் கணவர் துணையின்றி ஸ்டேஷனுக்குப் போகும் ஒரே வழி அது. நான் பேசினால் சுயநலம் என்பார்களோ என்று வாயே திறக்கவில்லை.

"வேணும்கிறவங்க கை தூக்குங்க லா," என்றார் தலைவர் மணியம் அங்கிள். ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழுந்தன.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் சிரித்தார். "அங்கிள், கையத் தூக்கினா எனக்கு எப்படித் தெரியும்? வாயால சொல்லச் சொல்லுங்க."

கை தூக்கியிருந்த எதிர்வீட்டு லட்சுமி அக்கா, இவர் முகத்தைப் பார்த்ததும் தடுமாறினார். "வேணாம் லா. சந்துல நல்ல லைட்டா போடுங்க, போதும்." அடுத்தடுத்து அதே பதில். ஓரிருவர்தான் 'வேணும்' என்று முணுமுணுத்தார்கள். கேட் இல்லை என்று முடிவானது.

இப்போது நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது வாசல்வரைகூட நான் வர வேண்டாமாம்.