சோப்பு டப்பாவுக்குள் உன் பதில்

அலமாரியின் அடித்தட்டில் உன் சோப்பு டப்பாவைக் கண்டெடுத்தேன். ரோஸ் கலர் பிளாஸ்டிக். ஒயர் போவதற்காக ஓரத்தில் கம்பியைக் காய்ச்சிப் போட்ட ஓட்டை. மூடி திறந்துகொள்ளாமல் இருக்க உன் ஆத்தா மாட்டிவிட்ட ரப்பர் பேண்டு தொட்டதும் அறுந்துபோனது. திறந்தால் சந்தன சோப்பு வாசனை. உள்ளே இருப்பது உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு. சோப்பு இருந்த காலம் எப்போதோ போய்விட்டது, வாசனை மட்டும் போகவில்லை. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அறந்தாங்கி வெயில் ஜன்னலில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

குளத்தூரிலிருந்து ஒரு பெண் போன் செய்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம். உனக்குச் செய்தது போல அவருக்கும் ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டாள். முடியும். இந்த டப்பாவே போதும். ஆனால் இதற்குள் இன்னும் உன் பதில்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டு அவருடையதை வைக்க வேண்டும். அதற்கு மனசு வராமல்தான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீயா பேச்சில்லாமல் கிடந்தாய் என்று இப்போதும் சில காலைகளில் சந்தேகம் வருகிறது. புதுக்கோட்டைக்குக் காலேஜ் போன பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பிப்பாய், இறங்கும்வரை ஓயமாட்டாய். கண்டக்டர் உன்னிடம் மட்டும் சில்லறை கேட்க மாட்டார். கேட்டால் அதற்கும் ஒரு கதை சொல்வாய் என்று பயம். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலை. கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சின்னச் சின்னக் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதுவது. நீ உன் வீட்டு மாடியில், நான் அடுத்த தெருவில். அப்புறம் ஒரு நாள் உன் காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்றது. நரம்பு நோய் என்றார்கள். கை போனது. குரல் போனது.

நம் ஊரில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் படுத்திருப்பவரிடம் எதுவும் கேட்பதில்லை. அதை அப்போதுதான் கவனித்தேன். பழத்தை வைத்துவிட்டு, கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "சாப்பிட்டாளா, தூங்குறாளா?" என்று உன் ஆத்தாவைக் கேட்பார்கள். ஆத்தாவும் "ரெண்டு வாய் சாப்பிட்டா, நல்லாத்தான் தூங்குறா" என்பார். நீ கண்ணை அகல விழித்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பாய். நீ தூங்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நமக்கு நம் வழி இருந்தது. நான் க வரிசையா, ச வரிசையா, த வரிசையா என்று சொல்லிக்கொண்டே போவேன், வரவேண்டிய இடத்தில் நீ இமையை மூடுவாய். பிறகு அந்த வரிசைக்குள் கா, கி, கீ. ஒரு வாக்கியம் முடிவதற்குள் என் டீ ஆறிப் பாலாடை கட்டிவிடும். ஆனால் அந்த வழியில் வந்ததை ஒருத்தரும் நம்பவில்லை. குற்றம் சொல்ல முடியுமா? வெளியே கேட்டது என் குரல்தானே.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர், இனி மூச்சு தானாக ஓடாது, தொண்டையில் வழி செய்து மெஷின் வைக்க வேண்டும், வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார். அவரும் ஆத்தாவைப் பார்த்துத்தான் சொன்னார். "பட்டது போதுங்க. எம் மகளுக்கு ஒண்ணும் வேணாம், நிம்மதியா இருக்கட்டும்" என்று ஆத்தா அழுதார். துபாயிலிருந்து உன் அண்ணனும் போனில் அதையே சொன்னார். இரண்டு பேரும் பாசத்தில்தான் சொன்னார்கள். நீ என்னைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் வரிசை சொன்னேன். "நான் சொல்லணும்" என்று வந்தது. அதைச் சொன்னபோது ஆத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயா எதையாச்சும் சொல்லாத தாயி" என்றார்.

அதற்காகத்தான் இந்த டப்பா. உன் கன்னத்தில் மட்டும் ஒரு துடிப்பு மிச்சம் இருந்தது. அங்கே ஒட்டிய மெல்லிய பட்டை, அதிலிருந்து டப்பா, டப்பாவிலிருந்து லேப்டாப். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகிப் போகும், வேண்டிய எழுத்தில் நீ கன்னத்தை அசைத்தால் போதும். எழுதி முடித்ததை லேப்டாப் படித்துச் சொல்லும். நடுவில் யாரும் இல்லை.

முதல் நாளே மண்டையை உடைத்தது. லேப்டாப் தொடங்கும்போது டப்பாவிடம் ஒன்று கேட்கும். உன் நிலைமை என்ன, எவ்வளவு அசைவை அசைவென்று எடுத்துக்கொள்ளட்டும்? அந்தப் பதில் நாம் எழுதிய புரோகிராமுக்குள் பத்திரமாக இருந்தது. கேள்விதான் அங்கே போய்ச் சேரவில்லை. டப்பாவின் கர்னல், அதாவது அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் பகுதி, கேள்வியை வாசலிலேயே வாங்கி, உள்ளே ஒரு வார்த்தை கேட்காமல், வரிசையாகப் பூஜ்யத்தைப் பதிலாகக் கொடுத்தது. எல்லாம் பூஜ்யம் என்றால் உள்ளே ஆளில்லை என்றுதானே அர்த்தம்? லேப்டாப் கடையைக் கட்டிவிடும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். நீ இமையால் கூப்பிட்டாய். வரிசை சொன்னேன். "எங்க ஆத்தாதான் கர்னல்" என்று வந்தது. நான் சிரித்த சிரிப்பில் ஆத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். உன் முகம் அசையவில்லை, கண் மட்டும் குலுங்கியது.

புதிதாக வந்திருந்த கர்னலில் அதற்கு வழி வைத்திருந்தார்கள். கேள்வி வந்தால் மேலே இருக்கும் புரோகிராமிடம் கொடுக்கும். சில நொடி காத்திருக்கும். பதில் வரவே இல்லை என்றால்தான் பூஜ்யம். நான் அதைப் போர்டில் ஏற்றினேன். பதில் சொல்கிற பகுதியை நீதான் எழுதினாய், இந்த முறை ஆங்கில எழுத்துகளை நான் அடுக்கிச் சொல்லச் சொல்ல, இமையாலேயே. நான் ஓரிடத்தில் தப்பாக அடித்தபோது கண்ணை இறுக மூடித் திறக்கவே மாட்டேன் என்றாய். மக்கு என்று அர்த்தம். கடைசியில் வரிசை கேட்டு நீ சொன்னது, "கர்னலே பொறுக்குது. மனுசங்க?"

ஆஸ்பத்திரி அறை எனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. வெள்ளைத் திரை காற்றில் உப்பி உப்பித் தணிந்தது. டாக்டர் கேட்டார். ஆத்தா வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து, "பொறுங்க ஆத்தா, அவளக் கேக்குறாங்க" என்றேன். டப்பாவில் பச்சை விளக்கு மினுங்கியது. எழுத்துகள் வெளிச்சமாகி வெளிச்சமாகிப் போயின. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்கே தெரியாது. நான் உன்னைக் கேட்டிருக்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு அந்தத் தட்டையான மெஷின் குரல் வந்தது.

"போடுங்க. நான் இன்னும் இருக்கணும்."

ஆத்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு உன் முகத்துக்கு நேரே குனிந்து, "வலிக்குமேடி" என்றார். அவர் உன்னிடம் நேராகப் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே காத்திருந்தார்.

"வலிக்கட்டும். நீ பக்கத்துல இரு."

அதற்குப் பிறகு கிடைத்த காலத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. மழை வந்தது, மறுபடி மழை வந்தது. மூச்சு மெஷினோடு உன்னை வேனில் ஏற்றி மீமிசல் கூட்டிப்போனோம். நீ கேட்டுத்தான். அங்கே கடலுக்கு அலை ஏது? தண்ணீர் விரித்த வேட்டியாகக் கிடந்தது, எங்கே கரை முடிந்து எங்கே கடல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகுகள் வானத்தில் நிற்பது போலிருந்தது. மெஷின் இழுத்தது, விட்டது. கடலே உனக்காக மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றியது. மீன் நாத்தம் வருகிறதா என்று ஆத்தா கேட்டார். "வருது. நல்லா இருக்கு" என்றாய்.

ஆத்தா கேட்கக் கற்றுக்கொண்டதுதான் வம்பாகிப்போனது. குழம்பில் புளி போதுமா, ஜன்னலை அங்கிட்டுச் சாத்தவா, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்திருக்கிறார்களே, பிடிச்சிருக்கா? ஒவ்வொன்றுக்கும் தாடையில் கைவைத்து, உன் பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பார். "கர்னல் இப்ப ரொம்பக் கேக்குது, முடியல" என்று என்னிடம் முறையிட்டாய்.

ஒரு விடியலில் "எந்திரிச்சிட்டியாடி?" என்று கேட்டிருக்கிறார். வழக்கம் போலக் காத்திருந்திருக்கிறார். வெயில் கட்டிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஆள் அனுப்பினார்.

இப்போது நான் யாரிடம் எதைக் கேட்டாலும் கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். வங்கியில், பஸ்ஸில், என் மகனிடம்கூட. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது ஒன்றுதான், போகப்போவதில்லை.

நேற்று டப்பாவையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஆத்தாவிடம் போனேன். குளத்தூர் விஷயத்தைச் சொல்லி, கொடுத்துவிடட்டுமா என்றேன். "அவளக் கேட்டியா?" என்றார். எப்படிக் கேட்பது என்றேன். "சொருகிப் பாரு" என்றார்.

சொருகினேன். லேப்டாப் கேட்டது. உன் புரோகிராம் பதில் சொன்னது. உன் கன்னம் எவ்வளவு அசையும் என்ற அதே அளவு, பூஜ்யமில்லை. திரையில் எழுத்துகள் வெளிச்சமாகி வெளிச்சமாகிப் போய்க்கொண்டிருந்தன. ஆத்தா தாடையில் கைவைத்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். டப்பாவிலிருந்து சந்தன வாசனை வந்துகொண்டே இருந்தது. தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள், அப்புறம் தெரு அடங்கியது.

"சரிங்குறா. குடுத்துரு தாயி" என்றார் ஆத்தா.

உனக்காக அவர் சொன்ன பதில். இந்த ஒரு தடவை நான் அவர் கையைப் பிடிக்கவில்லை.